பாத்திமுத்து: இந்த "முத்து" தமிழா, அரபியா? பாத்திமா என்ற பெயரின் பொருள் என்ன?

கம்பம் பள்ளத்தாக்கு | செவ்வாய், இரவு 10.12

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ். ஞாயிற்றுக்கிழமை அகீகா (முடி இறக்கிப் பெயர் வைக்கும் சடங்கு). என் நன்னி (பாட்டி) பெயரை வைக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. நன்னியின் பெயர் பாத்திமுத்து ஜொகரா. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. எல்லோருக்கும் முத்து நன்னிதான்.

இரண்டு சிக்கல். மச்சான் செல்போனில் தேடிப் பார்த்தார். ஒரு தளம் "வசீகரிப்பவள்" என்கிறது, இன்னொன்று "பால் மறக்கடிப்பவள்" என்கிறது. இரண்டாவதைக் கேட்ட மாமியார், "பச்சப் புள்ளைக்கு இப்படி ஒரு பேரா?" என்று முகம் சுளித்துவிட்டார். இன்னொரு பக்கம் என் தங்கச்சி, "பாத்திமா அரபி, முத்து தமிழ், ஏன் கலப்படம் பண்றீங்க? பாத்திமான்னு மட்டும் வைங்க" என்கிறாள்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா வாசிப்பவன் | செவ்வாய், இரவு 10.30

வாழ்த்துகள். குர்ஆனில் உள்ள பெயர் சகோ, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிஸ்மி சொல்லி வையுங்கள்.

பழைய மதரஸா | புதன், காலை 6.05

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. குழந்தைக்கு என் துஆ.

முதலில் மேலே உள்ள பதிலைத் திருத்திவிடுகிறேன். பாத்திமா என்ற பெயர் குர்ஆனில் இல்லை. குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண் மர்யம் (அலை) அவர்கள்தான். பெயரை விடுங்கள், அந்தப் பெயர் பிறந்த ஃப-த-ம என்ற வேர்ச்சொல்கூட குர்ஆனில் எங்கும் வரவில்லை. பால் மறத்தலைச் சொல்ல குர்ஆன் ஃபிஸால் என்ற வேறு சொல்லை எடுத்துக்கொள்கிறது. பகரா அத்தியாயம் 233-ஆம் வசனத்தில், இரண்டு வருடம் பால் கொடுப்பது பற்றிப் பேசும் இடத்தில் பாருங்கள்.

உங்கள் மாமியார் கேட்ட பொருள்தான் சரி. ஃபதம என்றால் வெட்டினான், பிரித்தான். கயிற்றை அறுத்தாலும் அந்தச் சொல்தான், ஒருவனை ஒரு பழக்கத்திலிருந்து விலக்கினாலும் அதே சொல்தான். ஆனால் அரபிகள் வாயில் அதிகம் புழங்கியது பிள்ளையைத் தாய்ப்பாலிலிருந்து பிரிப்பதற்கு. ஃபிதாம் என்றால் பால் மறத்தல், ஃபதீம் என்றால் பால் மறந்த பிள்ளை. பழைய அகராதிகளில் ஒட்டகமும் வரும். கன்றுக்கு ஒரு வயதாகிப் பால் மறந்துவிட்டால் அதன் தாயை "ஃபாதிம்" என்பார்கள். அதோடு பெண்பால் விகுதி சேர்ந்தால் பெயர் வந்துவிட்டது.

"வசீகரிப்பவள்" எங்கிருந்து வந்தது என்பதற்கு என் ஊகம்: ஃபாதினா என்று வேறொரு பெயர் உண்டு. அதன் வேர் ஃப-த-ன, ஃபித்னா என்கிறோமே அதே வேர். மனதை மயக்குபவள் என்று பொருள். நம் எழுத்தில் இரண்டுக்கும் "த" தான். அரபியில் ஒன்று தடித்த தோ, மற்றது மெல்லிய தே. எவரோ ஒருவர் இரண்டையும் குழப்பிப் பட்டியல் போட, மற்ற தளங்கள் அதையே பிரதி எடுத்திருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் தளங்களைப் பார்த்துப் பெயர் வைக்கிற காலம் வந்துவிட்டதே என்பது என் தனி வருத்தம், அதை விடுங்கள்.

இரண்டு பிள்ளைக்காரி | புதன், மதியம் 2.40

மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள் தம்பி.

நான் என் மூத்தவனுக்குப் பால் மறக்கடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேப்பிலையை மையாக அரைத்துத் தடவினேன். முதல் வாய் வைத்துவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், இன்றைக்கும் மறக்கவில்லை. அப்புறம் முந்தானையை எடுத்து அவனே துடைத்துவிட்டுத் திரும்பவும் குடிக்க வந்தான். ஒன்பது நாள் ராத்திரி தூக்கமில்லை. மார்பு கட்டிப்போய் எனக்குக் காய்ச்சல் வேறு. கடைசியில் என் அம்மா வந்து அவனைத் தன் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்ட பிறகுதான் மறந்தான்.

பால் மறக்கடிப்பவள் என்றால் பாலைப் பிடுங்குகிறவள் என்று உங்கள் மாமியார் நினைத்துவிட்டார் போல. அந்தக் காலத்தில், அதுவும் பாலைவனத்தில், ஒரு பிள்ளை பால் மறக்கிற வயது வரை வந்துசேர்ந்தது என்றாலே பெரிய விஷயம் இல்லையா? தாயும் பிழைத்து, பிள்ளையும் பிழைத்தால்தான் பால் மறக்கடிக்கவே முடியும். பெண்ணுக்கு இந்தப் பெயர் வைக்கிறவன், இவள் வளர்ந்து பிள்ளை பெற்று அதை ஆளாக்கட்டும் என்று நினைத்துத்தானே வைத்திருப்பான்? எனக்கு அப்படித்தான் படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கு | புதன், இரவு 9.15

அக்கா, அப்படியே படித்துக் காட்டினேன். மாமியார் பதில் சொல்லவில்லை. ஆனால் அரைமணி நேரம் என் மனைவி பால் குடித்த கதையும் மறந்த கதையும் ஓடியது. அவருக்கு வேப்பிலை இல்லையாம், கத்தாழையாம்.

பழைய மதரஸா ஹஜ்ரத், இன்னொரு சந்தேகம். சின்ன வயதில், நபியவர்களின் மகள் பாத்திமாவைப் பற்றிய ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்), "அவர்களையும் அவர்களை நேசிப்பவர்களையும் அல்லாஹ் நரகத்திலிருந்து பிரித்துவிட்டான், அதனால்தான் பாத்திமா என்று பெயர்" என்று கேட்டிருக்கிறேன். அது?

பழைய மதரஸா | வியாழன், காலை 6.20

அது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஷியா நூல்களில் நிறைய வரும், நம் பக்கத்து மேடைகளிலும் ஒலிக்கும். ஹதீஸ் ஆய்வு என்று வந்தால் சுன்னத் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார். அழகான விளக்கம்தான், ஆனால் பெயர் வந்த காரணம் அதுவாக இருக்க முடியாது. ஏனென்றால் பெயர் அவர்களுக்கு முன்னாலேயே இருந்தது.

நபி (ஸல்) அவர்களின் தந்தைவழிப் பாட்டி பெயரே பாத்திமா, அம்ரின் மகள். அலி (ரலி) அவர்களின் தாயார் பாத்திமா, அசதின் மகள். உமர் (ரலி) இஸ்லாத்துக்கு வரக் காரணமான சகோதரி பெயரும் பாத்திமா, கத்தாபின் மகள். மக்காவில் எத்தனை பாத்திமாக்கள் என்றால், அந்தப் பெயருக்குப் பன்மையே புழக்கத்தில் இருந்தது: ஃபவாதிம். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி வரும். அன்பளிப்பாக வந்த ஒரு பட்டுத் துணியை நபியவர்கள் அலியாரிடம் கொடுத்து, "இதைக் கிழித்து பாத்திமாக்களுக்கு முக்காடாகப் பங்கிட்டுக் கொடு" என்கிறார்கள். எந்தெந்த பாத்திமா என்று விரித்துரை எழுதியவர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்: மகள் பாத்திமா, அலியாரின் தாயார் பாத்திமா, நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸாவின் மகள் பாத்திமா. ஒரே குடும்பத்தில், ஒரே துணிக்கு!

இன்னும் பின்னால் போகலாம். இஸ்லாத்துக்கு முந்தைய கவிஞர் இம்ருல் கைஸ். அவருடைய புகழ்பெற்ற முஅல்லகா கவிதையில் ஒரு பாத்திமாவை விளித்துக் கெஞ்சுகிறார், இந்தப் பிகுவைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று. அங்கே ஓர் இலக்கண வேடிக்கை. பெயரின் முழு வடிவம் ஃபாத்திமத்து. கூப்பிடும்போது கவிஞர் கடைசி "த்து"வை வெட்டிவிட்டு "ஃபாத்திம" என்று நிறுத்துகிறார். இதற்கு தர்கீம் என்று பெயர். பிரியமாகவோ அவசரமாகவோ கூப்பிடும்போது வாலை நறுக்குவது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நஹ்வு (அரபி இலக்கணம்) நடத்தியதில் தர்கீமுக்கு நான் கொடுத்த உதாரணம் எப்போதும் இதுதான். வெட்டுவது என்று பொருள்படும் பெயரையே வெட்டிக் கூப்பிடுகிறார் என்று சொன்னால் கடைசி வரிசையும் சிரிக்கும்.

உங்கள் "முத்து"வுக்கும் இந்த வாலுக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் லுஹருக்கு நேரமாகும் வரை உட்கார்ந்து எழுத வேண்டிய சங்கதி. பிறகு வருகிறேன்.

முத்துநகர் மேரி | வியாழன், காலை 11.50

நான் உள்ளே வரலாமா? என் பெயரும் பாத்திமாதான். பாத்திமா மேரி, தூத்துக்குடி, கத்தோலிக்கக் குடும்பம். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் ஹாஸ்டலில் என்னை முஸ்லிம் என்று நினைத்து நோன்புக் கஞ்சிக்குக் கூப்பிட்டார்கள். நானும் போய்க் குடித்துவிட்டேன், நன்றாக இருந்தது.

எங்களுக்கு இந்தப் பெயர் போர்ச்சுகல் வழியாக வந்தது. லிஸ்பனுக்கு வடக்கே ஃபாத்திமா என்று ஓர் ஊர். 1917 மே 13-ஆம் தேதி அங்கே ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக எங்கள் நம்பிக்கை. அக்டோபர் வரை ஆறு மாதம் தொடர்ந்தது. 1930-இல் திருச்சபை அதை அங்கீகரித்தது. அதிலிருந்து பாத்திமா அன்னை. மதுரையில் கன்னியர் நடத்தும் பாத்திமா கல்லூரிப் பெயரும் இதேதான்.

சும்மா வாசிப்பவன் | வியாழன், மதியம் 12.10

அப்போ போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கொண்டுவந்த பெயரா? 1530-கள்?

முத்துநகர் மேரி | வியாழன், மதியம் 12.35

இல்லையே. கணக்கு உதைக்கிறது பாருங்கள். எங்கள் பரதவர் மக்கள் ஞானஸ்நானம் பெற்றது 1530-களில்தான், அது சரி. ஆனால் காட்சி 1917. அதற்கு முன்னால் ஃபாத்திமா ஒரு சின்ன மலையோர ஊர், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலேயே பாட்டி தலைமுறையில் ஒரு பாத்திமாவும் கிடையாது. அம்மா தலைமுறையில் மூன்று பேர்.

அந்த ஊருக்கு அந்தப் பெயர் வந்தது முஸ்லிம்கள் அங்கே ஆண்ட காலத்தின் மிச்சம். லிஸ்பனே 1147 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. சிறைபிடிக்கப்பட்டு ஒரு கிறிஸ்தவ வீரனை மணந்த பாத்திமா என்ற இளவரசியின் பெயர் என்று ஊர்க்கதை ஒன்று உண்டு. கதையை நம்பாவிட்டாலும் சொல் அரபிதான். ஆக, நபிகள் மகளின் பெயர் மாதாவின் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னபோது, "கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு" என்றார்.

நெறியாளர் | வியாழன், மாலை 5.00

இடையில் ஃபாத்திமி கிலாஃபத், வாரிசுரிமை, யார் சரி யார் தவறு என்று ஓடிய 14 பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழைக்குத் தேவையானது மட்டும்: 909-இல் வட ஆப்பிரிக்காவில் தொடங்கி, 969-இல் எகிப்தைப் பிடித்து கெய்ரோ நகரை உருவாக்கி, 1171-இல் முடிந்த அரசமரபு அந்தப் பெயரில் தன்னை அழைத்துக்கொண்டது. அங்கே அவர்கள் எழுப்பிய அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் பெயர், பாத்திமாவின் சிறப்புப் பெயரான ஸஹ்ராவிலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கருதுகிறார்கள். சண்டை போட வேறு இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு பச்சைக் குழந்தைக்குப் பெயர் தேடுகிறோம்.

மாலே ரிட்டர்ன் | வியாழன், இரவு 8.20

நான் நான்கு வருடம் மாலத்தீவில் ரிசார்ட் வேலை. அங்கே பெண்கள் பெயரைக் கேட்டால் பாத்திமத், ஆயிஷத், ஆமினத். ரிசப்ஷனில் மட்டும் ஐந்து பாத்திமத். ஹஜ்ரத் சொன்ன அந்த "த்து" வால் அவர்களிடம் "த்" ஆக அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் எங்கோ வெட்டிவிட்டோம் போல.

என்னோடு வேலை பார்த்த மாலி நாட்டுக்காரர், இது மாலே இல்லை, ஆப்பிரிக்க மாலி, அவருடைய மனைவி பெயர் ஃபத்துமாத்தா. கேட்டால் அதுவும் பாத்திமாதானாம்! சுருக்கி ஃபத்து என்பார்கள். சுவாஹிலிக்காரர்கள் ஃபத்துமா என்பார்கள், துருக்கியர் ஃபத்மா, ஈரானில் ஃபாத்தெமே.

காத்தான்குடிப் பிள்ளை | வியாழன், இரவு 9.45

எங்கட பக்கம் (இலங்கை) கதை வேறு. பெண் பிள்ளைகளுக்கு முன்னால் பாத்திமா என்று போட்டுவிட்டுத்தான் மற்றப் பெயர். பாத்திமா ரிஸ்னா, பாத்திமா நுஸ்ரா. ஆண்களுக்கு முகம்மது மாதிரி. என் வகுப்பில் முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள், இருபதுக்கு மேல் பாத்திமா. அதனால் யாரும் யாரையும் பாத்திமா என்று கூப்பிடுவதே இல்லை. இனிஷியலில் ஓர் எஃப் ஆகச் சுருங்கிக் கிடக்கும். தங்கமான பெயர், ஆனால் பெட்டிக்குள்ளேயே இருக்கும் நகை.

மூத்தம்மா காலத்து ஆட்கள் மட்டும் பாத்துமுத்து, பாத்தும்மா. "முத்து" எங்கட ஊரிலும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுத்தெண்ணி | வியாழன், இரவு 11.30

நான் ஹஜ்ரத் எழுதப்போவதற்கு முன்பே எதிர்வாதத்தை வைத்துவிடுகிறேன். அந்த முத்து தமிழ் முத்துதான். கீழக்கரை, காயல் முத்து வணிகத்தில் வளர்ந்த ஊர்கள். முத்து மரைக்காயர், முத்து இபுராகிம், முத்து பீவி என்று பெயர்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் எந்த அரபி வாலும் இல்லை, சுத்தமான முத்து. பாத்திமா நாச்சியார், பாத்திமா கனி என்று தமிழ்ச் சொல் சேர்ப்பது நம் வழக்கம்தான். அதேபோல் பாத்திமா + முத்து. "மாமுத்து" வாயில் நிற்காமல் "முத்து" ஆகிவிட்டது. இதற்கு நஹ்வு தேவையில்லை.

இன்னொன்று, பாத்திமாவா ஃபாத்திமாவா என்ற "ஃபா" விவகாரம். பத்திரிகைகள் நீதிபதி பாத்திமா பீவி என்றுதான் எழுதின, 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானபோதும் சரி, 1997-இல் இங்கே ஆளுநராக வந்தபோதும் சரி. சீறாப்புராணத்திலும் பாத்திமா திருமணப் படலம்தான். ஆய்தம் போட்டால்தான் மார்க்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு பிள்ளைக்காரி | வெள்ளி, காலை 10.10

ஆய்தம் இருக்கட்டும், ஆங்கில எழுத்துக்கு வாருங்கள். என் அக்கா பெயரில் பள்ளிச் சான்றிதழில் டி-க்குப் பக்கத்தில் எச் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இல்லை. அந்த ஓர் எச்சுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து நடை, இரண்டு பிரமாணப் பத்திரம். முதலிலேயே ஒரே மாதிரி எழுதிவிடுங்கள் தம்பி.

கம்பம் பள்ளத்தாக்கு | வெள்ளி, மாலை 6.40

ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத்தில் கேட்டு நன்னியின் நிக்காஹ் தப்தரை (திருமணப் பதிவேட்டை) பார்த்தேன். 1951. செயலாளர் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டை கரையான் அரித்திருந்தது, உள்ளே எழுத்துக்குச் சேதமில்லை. அன்றைய லெப்பை (பள்ளிவாசல் ஆலிம்) அரபுத்தமிழில், அதாவது அரபி எழுத்தில் தமிழாக, எழுதியிருக்கிறார், ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிர்க்குறிகள் எல்லாம் போட்டு. எனக்குத் தெரிந்த வரை எழுத்துக்கூட்டினேன். ஃபே, அலிஃப், தோ, மீம், தே. மீமுக்கு மேல் ஜபர், அதாவது "ம". கடைசி தேவுக்கு பேஷ், "து". பாத்திம(த்)து.

அதே பக்கத்தில் கீழே, பெண்வீட்டு வக்கீல் (நிக்காஹில் பெண் சார்பாக நிற்பவர்) தமிழில் கையெழுத்துப் போட்டு, மணமகள் பெயரையும் எழுதியிருக்கிறார்: பாத்திமுத்து சொகரா. நன்னியின் கைநாட்டு அதற்குப் பக்கத்தில். மை கொஞ்சம் இழுவி, ரேகை சரியாக விழவில்லை. பதினாலு வயதுப் பெண், கை நடுங்கியிருக்கும்.

பழைய மதரஸா | சனி, காலை 6.15

தம்பி, நீங்கள் பார்த்துவிட்டு வந்ததே பதில். நான் விளக்கம் மட்டும் சொல்கிறேன்.

அரபியில் இந்தப் பெயரைத் தனியாகச் சொல்லி நிறுத்தினால் ஃபாத்திமா. அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொன்னால் மறைந்திருக்கும் "த்து" வெளியே வரும்: ஃபாத்திமத்துஸ் ஸஹ்ரா. நம் வீடுகளில் கதீஜத்துல் குப்ரா என்று வைக்கிறோமே, அதே கதை. கதீஜாதான், ஆனால் பின்னால் குப்ரா வந்ததால் "த்து". பட்டப்பெயரோடு சேர்த்தே இந்தப் பெயர்களைக் கேட்டுப் பழகிய சனம், சேர்ந்த இடத்தில் இல்லாமல் தங்களுக்குத் தெரிந்த இடத்தில் வெட்டிக்கொண்டது. பாத்திமத்து | ஸொஹரா. லெப்பைக்கு அரபி தெரியும், அதனால் "ம" எழுதினார். வக்கீல் காதில் விழுந்ததை எழுதினார், காதில் விழுந்தது முத்து.

எழுத்தெண்ணி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். முத்து மரைக்காயரில் இருப்பது தமிழ் முத்துதான், சந்தேகமே இல்லை. ஆனால் பாத்திமுத்துக்குப் பின்னால் ஏன் அடிக்கடி ஜொகரா வருகிறது என்று அவர் யோசிக்க வேண்டும். பாத்திமா கனிக்குப் பின்னால் ஜொகரா வருவதில்லை. எலும்பு அரபி. "ம" எப்படி "மு" ஆயிற்று என்றால், அதற்கு அரபியில் காரணம் இல்லை. மாலத்தீவுக்காரர்கள் "மத்" என்றே வைத்திருக்கிறார்கள். அங்கேதான் தமிழ்க் காது வேலை செய்திருக்கிறது. "மத்து" என்றால் நமக்கு மோர் கடைவது. "முத்து" என்றால் பெண் பிள்ளை. எந்தத் தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்?

ஜொகராவும் கொஞ்சம் திரிந்ததுதான். ஸஹ்ரா என்றால் ஒளிர்பவள். ஸுஹரா என்றால் வெள்ளிக் கோள். நம் வாய்க்கு இரண்டாவது நெருக்கம். இரண்டிலும் வெளிச்சம் இருப்பதால் பழுதில்லை.

தர்கீம் பற்றிச் சொன்னேனே. அரபிக் கவிஞன் பாத்திமத்துவின் வாலை வெட்டித் தலையை வைத்துக்கொண்டு கூப்பிட்டான். உங்கள் ஊர்க்காரர்கள் தலையை வெட்டிவிட்டு வாலை வைத்துக்கொண்டு முத்து, முத்து என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த முத்துவில் உள்ள "ம்" வேர்ச்சொல்லின் கடைசி எழுத்து. "த்து" வெறும் பெண்பால் விகுதியும் வேற்றுமைக் குறியும். அரபி தெரிந்தவனுக்கு அதில் பொருள் என்று ஒன்றுமே இல்லை. எழுபது வருடம் ஓர் ஊரே அதைச் சொல்லித்தான் ஒரு மனுஷியைக் கூப்பிட்டிருக்கிறது.

உங்கள் தங்கச்சியிடம் கலப்படம் இல்லை என்று சொல்லுங்கள். பாத்திமாவைவிட பாத்திமுத்துதான் அரபிக்கு ஓர் எழுத்து அதிக விசுவாசம்.

எழுத்தெண்ணி | சனி, காலை 9.00

ஜொகரா வாதம் வலுவாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மோர் மத்து விஷயத்தில் ஹஜ்ரத் விளையாடுகிறார். பின்னால் வரும் "து"வின் உகரம் முன்னால் உள்ள அகரத்தை இழுத்திருக்கலாம். "ம்" உதட்டில் பிறப்பதால் உகரம் எளிதில் ஒட்டும். சுவாஹிலியில் ஃபத்துமா ஆனதும் இந்த ம்-மினால்தான் என்று நினைக்கிறேன். முத்து என்ற அர்த்தம் பிறகு வந்து ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

பழைய மதரஸா | சனி, காலை 9.20

இருக்கலாம். உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

முத்துநகர் மேரி | சனி, மதியம் 1.15

முத்துநகரிலிருந்து நான் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. தம்பி, அந்த தப்தர் பக்கத்தைப் படம் எடுத்து வைத்தீர்களா? கரையான் அட்டையோடு நிற்காது.

கம்பம் பள்ளத்தாக்கு | ஞாயிறு, இரவு 10.50

படம் எடுத்துவிட்டேன் மேரி அக்கா. செயலாளரிடம் சொல்லி மொத்த தப்தரையும் வேப்பிலை போட்டு வேறு பெட்டிக்கு மாற்றச் செய்திருக்கிறேன்.

அகீகா முடிந்தது. இமாம் காதில் பெயர் சொன்னார்: ஃபாத்திமத்துஸ் ஸஹ்ரா. வீட்டுக் காகிதத்தில் நான் எழுதியது பாத்திமுத்து ஜொகரா. தங்கச்சி இன்னும் பாத்திமா என்றுதான் கூப்பிடுகிறாள், பிடிவாதக்காரி. மாமியார் காலையில் தலை முடி இறக்கும்போது பிள்ளை வீறிட்டதும், "முத்து, முத்து, ஒண்ணுமில்லடா" என்றார். அவருக்கே தெரியாது சொன்னது.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கக் கட்டணமில்லாமல் ஒரு வருடம் அவகாசம் உண்டு என்றார்கள். எச் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.